ஓட்டுக்குள் ஒட்டியிருந்த மண்

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனாலோ என்னவோ, எழுத்து என்றால் எனக்குத் தனி மயக்கம். குளத்தூர்ப் பக்கம் ஓர் அகழாய்வில் உதவியாளராகச் சேர்ந்த மூன்றாம் நாள், குழிக்குள் ஒரு பானை ஓடு தலைகாட்டியது. அதில் பழைய தமிழ் எழுத்துகள் கீறப்பட்டிருந்தன! யார் பெயரோ என்ற ஆவலில், ஆழம் அளப்பதற்கு முன்பே அதைப் பிடுங்கி, கட்டைவிரலால் துடைத்துவிட்டேன்.

மேற்பார்வையாளர் ஓடி வந்தார். “எந்த மண்ணடுக்குலப்பா கெடந்துச்சு?”

எனக்குத் தெரியவில்லை. பிடுங்கிய இடமும் மண் சரிந்து மூடிப்போயிருந்தது. அடி அடுக்கு என்று சொன்னால் ஓட்டின் காலம் இன்னும் பின்னுக்குப் போகும், எல்லோரும் மகிழ்வார்கள். பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“பாக்காம எடுத்துட்டேன் சார்.”

“அப்ப இதை வச்சு எந்தக் காலம்னு எப்புடிப்பா சொல்றது?”

முகம் காட்ட முடியாமல், ஓட்டைக் கழுவ வாளிப் பக்கம் போனேன். மண் அள்ளிக்கொண்டிருந்த செல்வியக்கா என் கையைப் பிடித்தார்.

“கழுவாதீங்க தம்பி! படிச்ச புள்ள, எழுத்து இருக்க பக்கத்தையே பாக்குறீங்க. உள்பக்கம் சாம்ப மண்ணு ஒட்டியிருக்கு பாருங்க. அது நடு அடுக்குல மட்டுந்தானே வருது?”

அடுக்கடுக்காக மண் தெரிந்த குழிச்சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்தியது. ‘நடு அடுக்காக இருக்கலாம்; ஆழம் அளக்கப்படவில்லை’ என்று பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன்.

எழுத்து இருந்தால் போதும், எல்லாம் தெரிந்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எழுத்து ஒரு பெயரைச் சொன்னது. அந்தப் பெயர் எந்த மண்ணில் கிடந்தது என்று சொல்ல, ஒரு சிட்டிகைச் சாம்பல்தான் மிச்சமிருந்தது.

அதையும் கழுவ இருந்தேன்.