ஃபிளெக்ஸ் அடித்தாகிவிட்டது

இதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் மாணவர்களுக்கு ஹேக்கத்தான் என்கிற கண்டுபிடிப்புப் போட்டி நடத்தினோம். ஏற்பாடும் நான்தான், இரண்டு நடுவர்களில் ஒருவனும் நான்தான். பரிசளிப்பு மேடையில் ஜெயித்தவர்கள் படத்தோடு ஃபிளெக்ஸ் கட்டியே ஆகவேண்டும் என்பது தாளாளரின் உத்தரவு. மதியத்துக்குள் படம் வேண்டும் என்றார் கடைக்காரர். இன்னும் ஓர் அணி பாக்கி. கடைசி அணி என்ன பெரிதாகக் கிழித்துவிடப் போகிறது என்று, அதுவரை முன்னால் இருந்த அணியின் படத்தை அனுப்பிவிட்டேன்.

மூன்று மணிக்குக் கடைசி அணி வந்தது. தலைவி கண்டனூர்ப் பெண். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் மழை ஒழுகினால், வெளியூரில் இருக்கும் வீட்டு உரிமையாளருக்குத் தகவல் போகும் கருவி அவர்களுடையது. பாட்டில் தண்ணீரை அதன்மேல் கொஞ்சம் ஊற்றினாள். மேசையிலிருந்த செல்போன் உடனே அலறியது.

"சார், முதல் பரிசு இதுக்குத்தான்" என்றார் மற்ற நடுவர், என் காதருகே.

"ஃபிளெக்ஸ் அடிச்சாச்சு சார்."

அவர் தன் தாளில் மதிப்பெண்ணைக் குறைத்தார். நானும் குறைத்தேன்.

விழா முடிந்ததும் அந்தப் பெண் நோட்டோடு வந்தாள். "சார், எங்ககிட்ட என்ன குறைன்னு சொன்னீகன்னா, அடுத்த தடவை திருத்திக்கிருவோம்."

"நீ விளக்கிச் சொன்ன விதம் சரியில்லம்மா" என்றேன், வாய் கூசாமல்.

அதை அப்படியே எழுதி, அடியில் கோடு போட்டுக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்" என்றாள்.

பரிசைப் பறித்ததைக்கூட விடுங்கள். இல்லாத அந்தக் குறையை அவள் இன்னமும் எங்கேயோ திருத்திக்கொண்டிருப்பாள்.