காதிடுக்கில் வால்வு மூடி

ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றுக்கு இறங்கும் சரிவில் காரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் முன்சக்கரத்தில் காற்றே இல்லை. பக்கத்தில் வாழைத்தார் சுமக்கும் பெரியவர் ஒருவர் நின்றார். தோளெல்லாம் வாழைக்கறை. ஒரு காதிடுக்கில் பீடி, மறு காதிடுக்கில் என் டயரின் வால்வு மூடி.

"ஏலே, காத்தப் பிடுங்குனது நீயா?" என்று கத்தினேன்.

"ஆமா அண்ணாச்சி. வண்டி பைய கீழ உருளுது. கல்லு வச்சும் நிக்கல. அதான் காத்த எறக்கிட்டேன்."

கீழே படித்துறையில் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் குளித்தன. கதவைத் திறந்து பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கை நான் போடவே இல்லை. அவசரமாக இழுத்துப் போட்டேன்.

அவர் மூடியை எடுத்து நீட்டினார். "காத்தடிச்சதும் மாட்டிருங்க."

என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். என் 'ஏலே'க்கு அவரால் எப்படி 'அண்ணாச்சி' என்று சொல்ல முடிந்தது என்பது இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.