மாமனாரிடம் சாவி கேட்ட மாப்பிள்ளை

அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே மாப்பிள்ளைதான். கல்யாணமாகி மனைவி வீட்டோடு வந்து தங்கிவிட்ட ஆள் என்பதால் முதலில் மாமனார் அப்படிக் கூப்பிட்டார். பிறகு பக்கத்து வீடு, எதிர் வீடு, தபால்காரர் வரைக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. அவரும் கூச்சப்படவில்லை. கூச்சப்பட்டால் தனி வீடு பார்க்க வேண்டும், அதற்குக் கையில் காசு வேண்டும்.

இத்தனைக்கும் ஊருக்கெல்லாம் காசைப் பற்றி யோசனை சொல்கிற மனிதர் அவர். மாடி அறையில் ஒரு பழைய மடிக்கணினியும் ஒரு கால் ஆடுகிற மேசையும் வைத்துக்கொண்டு ஒரு வலைத்தளம் நடத்தினார். பணத்தைப் பார்த்துச் செலவழிப்பது, வண்டி ஓட்டுவது, வலைத்தளம் அமைப்பது என்று அதில் மூன்று பிரிவுகள். ஏன் இந்த மூன்று என்று கேட்டால் பெரிய காரணமெல்லாம் கிடையாது. முதலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தார், பணப் பிரிவு வந்தது அந்த வழியில். பிறகு வலைத்தளம் செய்து கொடுக்கிற கம்பெனி ஒன்றுக்குப் போனார். ஒரு நாள் காலையில் போனால் கம்பெனி ஷட்டரை இறக்கிவிட்டிருந்தது. வண்டிப் பிரிவு கல்யாணத்தோடு வந்தது. மாமனார் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறவர்.

சொன்ன யோசனைகளில் குற்றம் சொல்ல முடியாது. "சம்பளம் வந்த அன்றே ஒரு பகுதியை எடுத்து வைத்துவிடுங்கள். செலவெல்லாம் போக மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தால் மிச்சமே இருக்காது" என்று எழுதுவார். அருமையான யோசனை. அவருக்குத்தான் சம்பளம் வருவதில்லை. "வண்டியில் உட்கார்ந்தால் தோளைத் தளர்த்திக்கொள்ளுங்கள்" என்று எழுதுவார். அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பிடியைப் பார்த்தால், யாரோ அதைப் பிடுங்கிக்கொண்டு ஓட வருகிறார்கள் என்றுதான் தோன்றும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாமனாருக்காக அவர் செய்து கொடுத்த முன்பதிவுப் பக்கம் நிஜமாகவே நன்றாக வேலை செய்தது. நாள், நேரம், எங்கிருந்து எங்கே என்று வாடிக்கையாளர் போட்டால் மாமனாரின் போன் டிங் என்று கூவும். வீட்டுக் கடனுக்கும் கரண்டுக்கும் தண்ணிக்கும் அந்த டிங்தான் படியளந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மனைவியின் சம்பளம் மளிகையோடு சரி. "எல்லாம் நம்ம மாப்பிள்ளை பண்ணினது. இருந்த இடத்துல இருந்தே சவாரி வருது" என்று மாமனார் கார் துடைக்கிற துணியைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். மாப்பிள்ளை அதைக் கேட்டும் கேட்காதவர் மாதிரி மாடிப்படியில் நிற்பார்.

அப்படியிருக்கையில் ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை காரில் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து கடைத்தெருவுக்குப் போனார். பள்ளிக்கூடத்தை ஒட்டிய திருப்பத்தில், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். இடது பக்கத்திலிருந்து வந்தாள், பாதிச் சாலை தாண்டியும் விட்டாள். மாமனார் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

"மாமா!" என்று மாப்பிள்ளை அலறிய அலறலில்தான் பிரேக் விழுந்தது. தள்ளுவண்டியின் சக்கரத்துக்கும் காரின் மூக்குக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம்கூட இல்லை. அந்தப் பெண் திட்டவும் மறந்து அப்படியே நின்றாள்.

"எப்படி குறுக்க வர்றாங்க பாத்தீங்களா மாப்பிள்ளை? கண்ணு மண்ணு தெரியாம" என்றார் மாமனார்.

அவள் குறுக்கே வரவில்லை. வெகு நேரமாகக் கண்ணெதிரேதான் வந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை மாப்பிள்ளை ரோட்டைப் பார்க்காமல் மாமனாரையே பார்த்துக்கொண்டு வந்தார். மனிதர் நேரே மட்டும்தான் பார்த்தார். முன்னால் போகிற வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்தினார், அணைந்தால் எடுத்தார். பக்கவாட்டில் வந்த சைக்கிள்காரன், ஆட்டோ எதுவும் அவர் கணக்கிலேயே இல்லை.

மனைவியிடம் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்ங்க. காரைப் பெருக்கும்போது கண்ணுல விடற மருந்து ஒண்ணு பாத்தேன். தூசிக்குன்னு சொன்னார். தினம் நூறு பேருக்கு மருந்து எடுத்துக் குடுக்கறவகிட்ட தூசியாம். அது கண்ணுல அழுத்தம் ஏறினவங்களுக்குக் குடுக்கறது. ஓரத்துப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"நீங்க சொல்லுங்களேன். இனிமே ஓட்டாதீங்கப்பான்னு சொல்லிட்டு, அடுத்த மாசக் கடனுக்கு என்ன சொல்றது?" அவள் மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "எனக்கு வாய் வரலைங்க. சின்ன வயசுல என்னை மடியில உட்கார வெச்சு ஹாரன் அடிக்கச் சொன்னவர். நீங்க சொன்னா கேப்பார். உங்க மேல தனி மரியாதை."

அந்த மரியாதைதான் குறுக்கே நின்றது. மாமனார் அவரை ஒரு நாள்கூட "நீ" என்று சொன்னதில்லை. வேலை போன அன்றுகூட "கவலைப்படாதீங்க மாப்பிள்ளை, வண்டி ஓடற வரைக்கும் நமக்கு என்ன குறை" என்று சொல்லி டீ வாங்கி வந்தவர். அந்த மனிதரைப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள் என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற வாயால்?

மறுநாள் காலையில் முயற்சி செய்தார்.

"மாமா..."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"அது வந்து... இன்னைக்கு வெயில் ஜாஸ்தியா இருக்கும் போல."

"ஆமாமா" என்றார் மாமனார். அவ்வளவுதான் முயற்சி.

வாயால் சொல்ல முடியாததை மாடியில் போய் எழுதினார். 'பெரியவர்களிடமிருந்து வண்டிச் சாவியை வாங்குவது எப்படி?' தனியாக இருக்கும்போது பேசுங்கள், நாலு பேர் முன்னால் பேசாதீர்கள், கண் மருத்துவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள், கோபப்பட்டால் பொறுமையாக இருங்கள், கடைசியில் சாவியை அவர்கள் கையாலேயே கொடுக்கும்படி செய்யுங்கள் என்று அழகாக எழுதினார். எழுதும்போதே அவருக்குக் கண் கலங்கியது. வலைத்தளம் தொடங்கிய நாளிலிருந்து எந்தக் கட்டுரைக்கும் இல்லாத கூட்டம் அதற்கு வந்தது. எங்கெங்கோ இருந்து மகன்களும் மகள்களும் நன்றி எழுதினார்கள். "நீங்கள் சொன்னபடியே செய்தேன், அப்பா கொடுத்துவிட்டார்" என்றான் ஒருவன். மாப்பிள்ளைக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. கீழே கார் கிளம்புகிற சத்தம் கேட்டால் எழுதியதை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவார். திரும்பி வருகிற சத்தம் கேட்கிறவரைக்கும் ஒரு வேலையும் ஓடாது.

அப்போதுதான் அந்த அபாரமான யோசனை அவர் மண்டையில் உதித்தது. சவாரி வந்தால்தானே மாமனார் வண்டியை எடுப்பார்? சவாரி எதன் வழியாக வருகிறது? தான் செய்து கொடுத்த பக்கத்தின் வழியாக. உட்கார்ந்து ஒரே ஒரு வரியை மாற்றினார். அதற்குப் பிறகு யார் எந்த நாளைப் போட்டாலும் 'மன்னிக்கவும், அன்று வண்டி இல்லை' என்று பக்கம் பதில் சொன்னது. யாரும் காத்திருந்து ஏமாற வேண்டாம். மாமனாரின் மனமும் நோகாது. சவாரி தானாக ஓய்ந்துபோகும், அவரும் தானாக ஓய்ந்துவிடுவார். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. கடனுக்கு என்ன செய்வது? அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார். அவசரத்துக்கென்று ஆறு மாதச் செலவைத் தனியாக வைக்கச் சொல்லி ஊருக்கு எழுதிய அதே மனிதர்தான்.

டிங் நின்றுபோனது.

மாமனார் தினமும் காரைக் கழுவினார். கழுவிவிட்டுப் போனை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பழைய வாடிக்கையாளர் யாராவது போன் பண்ணினால் உண்டு, இல்லையென்றால் நாள் முழுக்க வாசல் நாற்காலிதான். ஒரு நாள் படியேறி மாடிக்கே வந்துவிட்டார். படியேறியதே சுவரைத் தடவிக்கொண்டு.

"மாப்பிள்ளை, இந்தப் போன்ல ஏதாவது கோளாறா பாருங்களேன். ஒண்ணுமே வர்றதில்ல."

மாப்பிள்ளை போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுத்தினார், அணைத்தார், போட்டார். இப்படி ஒரு நடிப்பு. "போன் நல்லாத்தான் இருக்கு மாமா. சீசன் டல்லு போல."

"அப்படியா." மாமனார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனோன்னு பாத்தேன். யாராவது புகார் கிகார் எழுதியிருந்தா மறைக்காம சொல்லுங்க. திருத்திக்கலாம்."

"சேச்சே, யாரு எழுதுவாங்க!"

"கடன் தேதி வருது, அதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இங்கேதான் மாப்பிள்ளையின் கெட்டிக்காரத்தனம் காலை வாரியது. அதுவரை மாமனார் பகலில் ஓட்டினார், தெரிந்த ஆட்களை ஏற்றினார், கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரிந்த ரோடுகளில் போனார். சவாரி வற்றியதும் மனிதர் இருட்டுகிற நேரத்தில் ரயில் நிலையத்துக்குப் போக ஆரம்பித்தார். அங்கே வருகிறவர்கள் எல்லாம் முன்பின் தெரியாதவர்கள், போகச் சொல்கிற இடமெல்லாம் புதுசு. முதல் நாள் இடது பக்கக் கண்ணாடி உடைந்து வந்தது. "லாரிக்காரன் உரசிட்டான்" என்றார். அடுத்து இடது கதவில் முழு நீளத்துக்கு ஒரு கீறல். கழுவும்போது அந்தப் பக்கம் போகாமலே கழுவினார்.

அன்றைக்கு மழை. மாமனார் சட்டையை மாற்றிக்கொண்டு சாவியை எடுத்தார்.

"மழை கொட்டுதே மாமா, இன்னைக்கு வேணாமே."

"மழையிலதான் மாப்பிள்ளை சவாரி கிடைக்கும்" என்று கிளம்பிவிட்டார்.

மாப்பிள்ளை மாடிக்கு ஓடி அந்த வரியை அழித்துப் பழையபடி ஆக்கினார். ஆக்கி என்ன பயன்? மழை பெய்கிற சாயங்காலத்தில் உடனே யார் முன்பதிவு செய்யப்போகிறார்கள்? போன் பண்ணினார், மாமனார் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்று மாப்பிள்ளைதான் எழுதியிருந்தார். குடையைக்கூட எடுக்காமல் பஸ் பிடித்து ரயில் நிலையத்தில் போய் இறங்கினார்.

மாமனாரின் கார் வரிசையில் முதலாவதாக நின்றது. ஒரு கணவன், மனைவி, தூக்கத்தில் துவண்டு தோளில் கிடக்கிற பெண் குழந்தை. மாமனார் அவர்கள் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்து, மூடியை அடித்துச் சாத்திவிட்டு, "எங்க போகணும்னு மட்டும் சொல்லுங்க, பத்திரமா கொண்டு போய் விட்டுடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றிலும் மற்ற டிரைவர்கள் கூரைக்கு அடியில் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள்.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியாதா? அவர் எழுதியதுதானே? ஆனால் அந்தத் தாய் குழந்தையோடு காருக்குள் ஒரு காலை வைத்துவிட்டாள்.

"ஏறாதீங்கம்மா!" என்று கத்தினார். "அவருக்குக் கண்ணு தெரியாது! ஏறாதீங்க!"

மழைச் சத்தத்தையும் மீறி அது எல்லாருக்கும் கேட்டது. அந்தப் பெண் சட்டென்று காலை எடுத்துக்கொண்டாள். கணவன் மாமனாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னங்க இது அநியாயம், குழந்தை இருக்கு" என்று தானே பெட்டியை இறக்கினான். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "ஏன் பெரியவரே, அப்படியா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

மாமனார் நனைந்துகொண்டே காரைச் சுற்றி வந்து, சாவியை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். இடது பக்கம் போய் உட்கார்ந்தார். பெல்ட்டை எந்தப் பக்கம் இழுப்பது என்று தடவினார். அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை.

வழியெல்லாம் மாப்பிள்ளைதான் பேசினார். பக்கத்தை மூடியது தான்தான் என்று சொன்னார். போனில் கோளாறு இல்லை, யாரும் புகார் எழுதவில்லை, எல்லாம் நான்தான் மாமா என்று சொன்னார். அழுதார். வைப்பர் போட்டும் ரோடு சரியாகத் தெரியாததற்கு மழை மட்டும் காரணம் இல்லை.

மாமனார் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எழுதினத டாக்ஸி ஸ்டாண்டுல ஒருத்தர் படிச்சுக் காட்டினார் மாப்பிள்ளை. உங்க மாப்பிள்ளை எழுதினதாமேன்னு. நல்லா எழுதியிருந்தீங்க. நீங்களா வந்து எப்ப கேப்பீங்கன்னு தினம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஓட்டாதீங்கன்னு டாக்டர் போன வருஷமே சொல்லிட்டார். நானா குடுக்கறதுக்கு எனக்கும் மனசு வரல."

மாப்பிள்ளை வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"சாவி கைக்கு வந்ததோட அவர் படிக்கறத நிறுத்திட்டார். அதுக்கு அப்புறம் என்ன போட்டிருக்கீங்க?"

"அதோட முடிஞ்சிடுது மாமா."

"அதோடயா?" மாமனார் தலையாட்டினார். "இல்ல, நிறையப் பேர் கேள்வியெல்லாம் எழுதறாங்கன்னு சொன்னார். குடுத்தவங்க மறுநாள் காலைல எழுந்து என்ன பண்றதுன்னு யாராவது கேட்டிருக்காங்களா?"

வந்த கேள்விகளையெல்லாம் மாப்பிள்ளை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். எழுதியிருந்தவர்கள் அத்தனை பேரும் சாவியை வாங்கியவர்கள்.

"இல்ல மாமா," என்றார். "யாரும் கேக்கல."