புலியார் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மனிதன் விலங்காக மாறும் கதைகளைத் தேடி ஊர் ஊராகப் போவது எனக்கு விடுமுறை நாள் கிறுக்கு. ஐரோப்பாவில் அவன் ஓநாயாவான். கழற்றி வைத்த உடையை யாராவது ஒளித்துவிட்டால் ஓநாயாகவே நின்றுவிடுவான். கிரேக்கர்களின் கதையில், உடையை மரத்தில் மாட்டிவிட்டு ஏரியை நீந்திக் கடந்து ஓநாயானவன், ஒன்பது வருடம் மனித மாமிசம் தொடாமலிருந்தால் திரும்பி வரலாம். கேரளத்து ஒடியன் காளையாகிறான். நம் பக்கத்தில் புலி. நார்த்தாமலைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வீடே இருப்பதாக அலுவலகத்தில் கீரனூர்க்காரர் ஒருவர் சொன்னார். போன கார்த்திகையில் கிளம்பிவிட்டேன்.

காலை 8.10க்குத் திருச்சியில் புதுக்கோட்டை பஸ். டிக்கெட் 30 ரூபாய். 9.20க்கு நார்த்தாமலை விலக்கில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நான்கு கிலோமீட்டருக்கு 120 ரூபாய். ஊர்ப் பெயரை ஏன் சொல்லவில்லை என்பது கடைசியில் தெரியும்.

டீக்கடையில் நின்றுகொண்டு, கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்: “மனுஷன் புலியா மாறின வீடு எதுங்க?”

“புலியார் வீடா? அங்கிட்டு மேலத்தெருவுல, பச்சை பெயிண்ட் அடிச்ச வீடுங்க,” என்றார் கடைக்காரர். காரை ஓரங்கட்டி டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் என்னையே பார்த்தது. நான் பொருட்படுத்தவில்லை.

பச்சை வீட்டு வாசலில் பெரிய கோலம். வெள்ளைச் சட்டையில் ஒருவர் ஓடி வந்தார். “மாப்பிள்ள வீடா? வாங்கம்மா, வாங்க!”

வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. “இன்னைக்கு வேணாங்க. எம்மக மேகலாவப் பொண்ணு பாக்க வாராங்க. இந்தப் புலிப் பேச்சாலயே ரெண்டு எடம் தட்டிப்போச்சு.”

மன்னிப்புக் கேட்டுத் திரும்பும்போது கார் வந்து நின்றது. டீக்கடையில் பார்த்த அதே குடும்பம். ஐந்து வார்த்தையில் ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனோ? நழுவப் பார்த்தேன், மேகலாவின் அப்பாவோ, வீடு தேடி வந்தவளை அப்படியே அனுப்ப மனமில்லாமல் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்.

மேகலா காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் திரும்பினார். “டீக்கடையில புலின்னு கேட்டியேம்மா, அது இந்த வீடுதானா?”

நான் ஏதோ உளற ஆரம்பிப்பதற்குள், தட்டைக் கையில் பிடித்தபடியே மேகலா பதில் சொன்னாள். கீரனூரில் கணக்கு டீச்சர், குரல் நடுங்கவில்லை.

“எங்க வீடுதாங்க. எங்க முப்பாட்டனுக்குப் புலியா மாறுற மந்திரம் தெரியுமாம். திரும்பி வந்ததும் மறுபடி மனுஷனாக மேல ஊத்தச் சொல்லி, பொண்டாட்டிகிட்ட ஒரு சொம்பு மஞ்சத்தண்ணி குடுத்துட்டுப் போனாராம். புலியப் பாத்ததும் அவங்க சொம்பப் போட்டுட்டு ஓடிட்டாங்க. மூணு நாளு வீட்டச் சுத்திட்டு மலைக்குப் போயிருச்சாம். இதக் கேட்டுத்தான் ரெண்டு பேரு வேணாம்னுட்டாங்க. நீங்களும் இப்பவே தெரிஞ்சுக்கிறது நல்லதுங்க.”

மேகலாவின் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா அவளை அருகில் அழைத்து, மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். “நான் பதினஞ்சு வயசு வரைக்கும் மலேசியாவுல வளந்தவ. அங்கிட்டும் புலி மனுஷங்க உண்டு. மூக்குக்குக் கீழ, மேலொதட்டுல குழி இல்லாட்டித்தான் புலியாம். ஒனக்கு நல்லா ஆழமாவே இருக்கே!” பிறகு மகனைக் கை காட்டினார். “எதுக்கும் இவனுக்கு இருக்கான்னு நீயும் ஒருதரம் பாத்துக்க தாயி.”

மேகலா நிஜமாகவே குனிந்து பார்த்தாள். “இருக்குங்க,” என்றாள். வீடே சிரித்தது. அவள் அப்பா மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளுக்கு முன் ஓநாய் மனிதன் என்று பழி சுமத்தி ஆட்களை எரித்திருக்கிறார்கள். அதைப் படித்திருந்தும், கதைக்குள் இன்னமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பது எனக்கு அந்த நாற்காலியில்தான் உறைத்தது.

நீங்கள் அந்தப் பக்கம் போவதானால் நார்த்தாமலையில் விஜயாலய சோழீஸ்வரம் கோயிலைப் பாருங்கள். பாறையில் ஏற வேண்டும். பத்து மணிக்குள் போங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கதை கேட்பதாக இருந்தால் டீக்கடையில் கேட்காதீர்கள். வீட்டுக்காரர்களிடம் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து மேகலா போன் செய்தாள். தையில் கல்யாணம். இதை எழுதலாமா என்று கேட்டேன்.

“தாராளமா எழுதுங்கக்கா. ஊரு பேரு மட்டும் வேணாம். எனக்குப் பின்னாடி தங்கச்சி இருக்கா.”