சீனி தூக்கலாக ஒரு டீ

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு காலேஜ் கேன்டீனில் பல வருடம் டீ மாஸ்டராக இருந்தேன். தொழில் கைக்கு வந்துவிட்டது. பயம் மட்டும் விடவில்லை. பாய்லர் கொஞ்சம் முனகினாலே வெடித்துவிடுமோ என்று நாலடி தள்ளி நிற்பேன்.

நிவேதா என்று ஒரு பிள்ளை, இரண்டாம் வருடம். விளாங்குடியிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒரு நாள் டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் பேனா மாதிரி எதையோ எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டாள். கேன்டீன் கான்ட்ராக்டரிடம் ஓடினேன்.

"அண்ணே, அந்தப் பிள்ளை ஊசி போடுதுண்ணே!"

"அது இன்சுலின்யா. சின்ன வயசுலருந்தே அதுக்கு சுகர். நீ போய்ப் பாலைப் பாரு, பொங்குது."

பொங்கித்தான் இருந்தது.

அன்றைக்கே முடிவு செய்தேன், என் கையால் அந்தப் பிள்ளைக்குச் சீனி போகக்கூடாது என்று. அவளும் எப்போதும் சீனி இல்லாமல்தான் கேட்பாள். அதனால் வம்பில்லை.

ஒரு மத்தியானம் லேப் எக்ஸாம் முடித்து வந்தாள். முகமெல்லாம் வியர்வை, கையில் நடுக்கம். கூடவே அவள் தோழி பானு.

"அண்ணே, சீனி தூக்கலா ஒரு டீ. நல்லா ஆத்திக் குடுங்க, வெரசா."

பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் நிவேதாவுக்கு வாய்க்கட்டு தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் ஒரு கள்ளத்தனம் உண்டு. வெறும் ஸ்பூனைக் கிளாஸில் விட்டு டங் டங்கென்று கலக்கினால், சீனி போட்ட மாதிரியே இருக்கும். அப்படியே கலக்கிக் கொடுத்தேன்.

இரண்டு மடக்கு குடித்தாள். "அண்ணே, இனிக்கலையே."

"போட்டிருக்கேன் தாயி. உனக்குத்தான் நாக்கு மரத்துப்போச்சு."

"போடலண்ணே. கண்ணு இருட்டுது..." என்று பெஞ்சில் சாய்ந்துவிட்டாள்.

பானு கத்தினாள். "சுகர் எறங்கிருச்சுண்ணே! பையில வச்சிருந்த குளுக்கோஸும் தீந்துபோச்சு. இப்பச் சீனி உள்ள போகலைன்னா மயங்கிருவா!"

சுகர் என்றால் ஏறும் என்று தெரியும். இறங்கவும் செய்யும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சீனி டப்பாவோடு ஓடினேன். மூன்று ஸ்பூனை அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கால் மணி நேரம். அதற்குள் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுவிட்டேன். பிறகு விரலில் குத்தி மிஷினில் பார்த்து, "ஏறிருச்சு" என்றாள். அடுத்து என்னைப் பார்த்தாள்.

"வெறும் ஸ்பூனையாண்ணே கலக்குனீங்க?"

"உன் நல்லதுக்குன்னுதான் தாயி..."

"எம்புட்டு நல்ல மனசு! கொல்லப் பாத்தீங்களேண்ணே!" என்று சிரித்தாள். "எப்பச் சீனி வேணும், எப்ப வேணாம்னு தெனமும் குத்திப் பாத்துக் கணக்குப் போடுறவ நான். கேட்டதைக் குடுங்க, போதும்."

புதிதாக டீ ஆற்ற வரும் தம்பிகளே, பயம் வந்தால் வாயைத் திறந்து கேளுங்கள். "சீனி போடலாமா தாயி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளே விவரம் சொல்லியிருப்பாள். அவள் உடம்பு அவளைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்ததுதான் தப்பு.

பயம் இன்னும் போகவில்லை. இப்போதெல்லாம் கேட்டுவிட்டுப் பயப்படுகிறேன்.