மகளுக்கு இருபத்தொன்று ஆவதற்கு முன்

வக்கீல் அதை மிகச் சாதாரணமாகத்தான் சொன்னார். இருபத்தொரு வயது நிறைகிற நாளிலிருந்து எங்கள் மகள் எங்கள் விசாவின் கீழ் இந்த நாட்டில் இருக்க முடியாது. நான்கு வயதில் என் இடுப்பில் தூங்கிக்கொண்டே டெக்சாஸில் வந்து இறங்கியவள் அவள். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை நகர்வதைவிட அவள் வேகமாக வளர்ந்துவிட்டாள்.

அப்போது அவளுக்கு இருபது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள், ஒரு வெள்ளிக்கிழமை பிளானோவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். அவளைப் போன்ற பிள்ளைகளை இங்கேயே இருக்கவிட ஒரு மசோதா, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இருந்தது.

"அம்மா, நம்ம காங்கிரஸ்மேன் ஆபீஸ் இங்கேயே இருக்கு. போய்ப் பேசலாம்."

என் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "வேணாம்மா. நாமளே விசால இருக்கோம். கவர்ன்மென்ட் ஆபீஸ்ல போய்ப் பேர் குடுத்து, நாளைக்கு அது நமக்கே பிரச்சனையாச்சுன்னா?"

எனக்கும் அதே பயம்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் பிப்ரவரியில் இருந்தது. அந்த மாதம்தான் அவள் பிறந்தநாள்.

ஆபீஸ் டோல்வே என்கிற சுங்கச் சாலை ஓரத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடி. பக்கத்துக் கதவு பல் டாக்டர். காரை நிறுத்திவிட்டேன், ஸ்டியரிங்கிலிருந்து கை வரவில்லை.

"நீ மட்டும் போயிட்டு வரியா?"

"அம்மா, தே ஆர் நாட் த போலீஸ். தே ஒர்க் ஃபார் அஸ்."

"நமக்கு ஓட்டே இல்லையேடி!"

உள்ளே இருந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அமெரிக்கப் பெண். எங்கள் தொகுதியின் உறுப்பினரான காங்கிரஸ்மேனின் உதவியாளர். விசாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டின் அஞ்சல் எண்ணான ஜிப் கோடு மட்டும் கேட்டார். எங்களுக்கு ஓட்டு இல்லை என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன், பிறகு தெரிந்து நம்மை வெளியே அனுப்பிவிடக் கூடாதே என்று. இந்தத் தொகுதியில் வசிக்கிறீர்கள், அது போதும் என்றார்.

மகள் பேச ஆரம்பித்தாள். "ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் ஐ வாஸ் ஃபோர்" என்பதோடு குரல் உடைந்துவிட்டது. மிச்சத்தை நான் என் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டார். ஒன்று பிரதிநிதிகள் சபை, மற்றது செனட். மசோதா முதலில் ஒரு குழுவுக்குப் போகும். குழுத் தலைவர் அதை எடுத்துக்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் யாரும் ஓட்டே போட மாட்டார்கள். எடுத்து நிறைவேற்றினாலும் இன்னொரு சபையும் அதே வாசகத்தை ஏற்க வேண்டும், பிறகு ஜனாதிபதி கையெழுத்து. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை காங்கிரஸின் காலம் முடியும். அதற்குள் நிறைவேறாதவை எல்லாம் செத்துப்போகும். புது எண்ணுடன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 'செத்துப்போகும்' என்பதை அவர் மூன்று முறை சொன்னார். இந்தக் காங்கிரஸ் முடிவது ஜனவரி. நான் விரல்களை மேஜைக்குக் கீழே மறைத்துக்கொண்டு மாதங்களை எண்ணினேன்.

கோடையில் ஒரு நல்லது நடந்தது. ராணுவச் செலவுக்கான மிகப் பெரிய மசோதா ஒன்றில் எங்கள் விஷயத்தையும் ஒரு பகுதியாகச் சேர்த்துவிட்டார்கள். அந்த மசோதா எப்படியும் நிறைவேறியாக வேண்டியது என்றாள் மகள். பிரதிநிதிகள் சபையின் ஓட்டெடுப்பை நேரலையில் பார்த்தோம். திரையில் எண்கள் ஏற ஏற நான் சோபாவின் நுனிக்கு நகர்ந்தேன். நிறைவேறியதும் மகள் கத்திய கத்தலில் நான்தான் அதிகமாகப் பயந்துபோனேன். கணவர் இந்தியன் ஸ்டோருக்குப் போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். "இன்னும் செனட் இருக்குங்க" என்றேன். "ஒரு நாளாவது சந்தோஷமா இரேன்" என்றார்.

அதற்குப் பிறகு டெக்சாஸின் இரண்டு செனட்டர்களின் ஆபீஸுக்கும் தினமும் போன் செய்தேன். எப்போதும் பதிவுக் குரல்தான் வரும். ஒரு நாள் நிஜமாகவே ஒருவர் எடுத்து "ஹலோ" என்றபோது பயத்தில் வைத்துவிட்டேன். அரை மணி நேரம் கழித்து, எழுதிவைத்ததைப் பார்த்துப் படித்தேன். அவர் குறித்துக்கொள்வதாகச் சொன்னார். எங்கே, எதற்கு என்று கேட்கத் துணிவு வரவில்லை.

டிசம்பரில் அந்த உதவியாளர் அழைத்தார். இரண்டு சபைகளும் தங்கள் வாசகங்களைப் பேசி ஒன்றாக்கியதில் எங்கள் பகுதி இல்லை. அதை யாரும் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. யாரோ சிலர் ஏதோ ஓர் அறையில் பேசி முடித்தபோது அது வெளியே போய்விட்டது. காரணம் தனக்கும் தெரியாது என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

மகளுக்குப் பரீட்சை நேரம். இரண்டு நாள் சொல்லாமல் வைத்திருந்தேன். போனில் சிரித்துப் பேசினேன். மூன்றாவது நாள் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்மா. நீ பயப்படுவேன்னுதான் சொல்லல."

வக்கீல் அவசரமாக மாணவர் விசாவுக்கு மாற்ற விண்ணப்பித்தார். பதில் வருவதற்குள் பிறந்தநாள் வந்துவிட்டது. கேக் வெட்டினோம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை இங்கே தங்கலாம், மறுத்துவிட்டால் கிளம்ப வேண்டும். நினைவில்லாத ஒரு நாட்டுக்கு, தனியாக. ஐந்து மாதம் அப்படிப் போனது. தபால்காரர் வண்டியின் சத்தம் கேட்டால் நான் சமையலறைக்குள் போய்விடுவேன். தபால் பெட்டியைத் திறக்கும் வேலையைக் கணவரிடம் விட்டுவிட்டேன்.

ஜூலையில் ஒப்புதல் வந்தது. அவள் படிப்பைத் தொடர்ந்தாள். முடித்தபின் சிறிது காலம் வேலை பார்க்கலாம். அதற்கப்புறம் வேலை விசாவுக்குக் குலுக்கல், அதில் பெயர் விழுந்தால்தான் தங்கலாம். ஜனவரியில் வந்த புதிய காங்கிரஸில் மசோதாவுக்கு வேறு எண் கொடுத்திருந்தார்கள். மறுபடியும் குழுவுக்குப் போயிருக்கிறது. குழுவில் இருப்பவர்களின் பட்டியலை அவள் எனக்கு அனுப்பினாள். நான் முதல் பெயரிலிருந்து கடிதம் எழுதத் தொடங்கினேன்.