ஆலங்கட்டி விழுந்த கூரை

ஒக்லாந்தில் ஸ்னோ விழாது. கனடாவில் இருக்கும் பெரியம்மா குடும்பம் விண்டர் வந்தால் முழங்கால் உயர ஸ்னோவில் நின்று படம் அனுப்பும். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அதைப் பார்த்துப் பார்த்துப் பொருமுவார். திருப்பி அனுப்ப அவரிடம் ஒன்றும் இல்லை.

அப்பாவுக்கு ஒனிஹங்காவில் பெரிய சாமான் கிடங்கு ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சனிக்கிழமை அம்மாவுக்கும் வேலை என்பதால் அப்பா என்னையும் கூட்டிப்போவார். என்னைப் பார்த்துக்கொள்ள மாமா வருவார். பள்ளிக்கூடம் சேர்ந்த புதிது எனக்கு.

அன்று மத்தியானம் வானம் கறுத்து ஆலங்கட்டி கொட்டியது. விட்டதும் அப்பா ஐஸை அள்ளிக் கொட்டச் சவளோடு கூரைக்கு ஏறினார். கூரைத் தண்ணி ஓடும் பீலியை ஐஸ் அடைத்தால் தண்ணி உள்ளே பெட்டிகளில் இறங்கும். இடுப்புப் பெல்ட்டின் கயிற்றைக் கம்பியில் கொளுவினார். பின்னால் வந்த எங்களைக் கூரைக்கு வரும் கதவடியில் நிற்கச் சொன்னார்.

அந்தக் கூரையில் இரும்புத் தகடுகளுக்கு நடுவே வெளிச்சத்துக்குப் பிளாஸ்டிக் தகடும் போட்டிருக்கும். பழசு. ஆள் மிதித்தால் தாங்காது. கீழே சீமெந்துத் தரை. மற்ற நாளில் எது எதென்று தெரியும். அன்று எல்லாம் ஒரே வெள்ளை.

"அத்தான், கனடாக்காரருக்கு இண்டைக்கு வயிறெரியும். ஒருக்கா இஞ்சால திரும்புங்கோ."

"விசரா உனக்கு? பிள்ளையைப் பிடி."

மாமாவின் இரண்டு கையிலும் போன்தான் இருந்தது.

நான் நடந்தேன். சத்தமே இல்லாத வெள்ளை. அதற்குள் ஓரிடம் மட்டும் மெல்ல மஞ்சளாய் ஒளிர்ந்தது. கீழே கிடங்கில் லைட் எரிகிறது என்று எனக்கென்ன தெரியும். யாரோ எனக்கென்று படுக்கை விரித்து அடியில் விளக்கு வைத்த மாதிரி இருந்தது. ஏறி நின்றேன். காலுக்கடியில் ஏதோ மெதுவாய் முனகியது.

"பிள்ளை."

அப்பாவின் குரலை அவ்வளவு மெல்லிசாய் நான் கேட்டதில்லை.

"ஓடாதை. மெல்லமா இரு. இப்ப படு. கையைக் காலை விரி."

படுத்தேன். முகில் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. டக் என்றது. கயிறு என்னிடம் எட்டாது, அப்பா கொளுக்கியைக் கழற்றிவிட்டார். பிறகு அவரும் குப்புறப் படுத்து, ஐஸை வழித்து, கீழே சட்டம் தாங்கும் ஆணி வரிசை பார்த்துப் பார்த்து ஊர்ந்து வந்தார். அப்பா விளையாடி நான் கண்டதே இல்லை. சிரித்தேன். மாமாவும் சிரித்துக்கொண்டு படம் எடுத்தார்.

என் ஜக்கெட் தொப்பியில் கை பட்டது. ஒரே இழுவை. இரும்புத் தகட்டில் கிடந்தேன்.

"அப்பா, அகெய்ன்!"

அந்தப் படம் இப்போதும் பெரியம்மா வீட்டுச் சுவரில் இருக்கிறது. தகப்பனும் மகளும் ஸ்னோவில் விளையாடுகினம் என்று வருகிறவர்களுக்குக் காட்டுவா.

"சோக்கான படம், அத்தான்," என்று மாமா அங்கேயே போனை நீட்டினார். அப்பா பார்க்கவில்லை. என்னைக் கதவடிக்குத் தூக்கி வந்து முன்னால் குந்தினார். என் ஜக்கெட் சிப் திறந்து கிடந்தது. பூட்டப் பார்த்தார். மாட்டவில்லை. திரும்பவும் பார்த்தார். விரல் ஓரிடத்தில் நிற்கவில்லை. கடைசியில் நானே பூட்டினேன். தனியாகப் பூட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குப் பெரிய புளுகம், துள்ளிக் குதித்தேன்.

"உங்களுக்குச் சரியாக் குளிருது, அப்பா," என்றேன்.

"ஓம், பிள்ளை," என்றார்.